இருவருக்கான காற்று

அந்த மாதங்களில் என் கணவருக்கு இருந்த ஒரே வேலை என்னைத் திட்டுவது. காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"கணக்குப் போட்டவ நீ. படுத்துகினு கீறவன் நான். வேற இன்னாத்த சொல்றது?"

"ஆமாங்க. என் கணக்குதான் தப்பு" என்பேன்.

அதற்குமேல் அவருக்குச் சண்டை போட வழியிருக்காது. காபியைக் குடித்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு தரைத்தளம்; சந்தில் போகிற வருகிறவர்கள் காதில் எல்லாம் விழும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேட்டேவிட்டார். "தெனம் இவ்ளோ பேச்சு வாங்கிகினு எப்படிம்மா கீறே நீ?" நான் சிரித்து வைத்தேன். எனக்கு இயல்பில் பொறுமை கிடையாது. ஆபீஸில் என் எதிரே உட்காரும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

என் கணக்கு தப்பில்லை. அது அவருக்குத் தெரியக் கூடாது என்று இருந்தேன். இடுப்புக்குக் கீழே அவருக்கு இனி எதுவும் திரும்பப்போவதில்லை என்று பார்த்த டாக்டர்கள் எல்லாரும் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லிவிட்டார்கள். கடலுக்கடியில் அவருக்குக் காற்று ஏன் நின்றது என்பதையாவது அவரிடமிருந்து மறைத்து வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் தினமும் ஆமாம் போட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் தங்கவயலில் பிறந்தவள். அப்பா, அப்பாவின் அப்பா எல்லாரும் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஆழத்துக்குப் போவதைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எங்கள் வீட்டில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நான் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அம்மா, "சம்பளம் இன்னா தர்றாங்க?" என்று கேட்டார். நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்றேன். "உங்கப்பன் சம்பளத்துக்கு எறங்குனான். நீ துட்டு குடுத்து எறங்கறே. நல்லாத்தான் படிக்க வெச்சோம்" என்று போனை வைத்துவிட்டார்.

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் சிலர் சேர்ந்து அந்தப் பயிற்சிக்குப் போனார்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். சொல்லிக்கொடுத்தவர் அந்தமானில் வளர்ந்த தமிழர். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். முதல் நாள் என்னை பைக்கில் கொண்டுவந்து விட்ட என் கணவர் திரும்பிப் போகாமல் குளத்தோரம் நின்று சிலிண்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, ஒவ்வொன்றின் தோள்பட்டையிலும் குத்தியிருந்த சோதனைத் தேதியைப் படித்தார். மீன் வாங்கப் போனாலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஆள்.

"இது அடுத்த தபா டெஸ்டுக்கு எப்போ போகுது?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டருக்கு ஆச்சரியம். சிலிண்டரைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், நீங்களும் இறங்கிப் பாருங்களேன் என்றார். இவரும் இறங்கினார். தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. நாள் முழுக்க நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்தக் குளிர்ச்சி பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நெருப்பு என்றது அவர் தொழில். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்கு வெல்டிங் கடை. கேட், ஜன்னல் கிரில், மொட்டை மாடிக்குத் தகரக் கொட்டகை. இரும்பை அறுக்க ஒரு தள்ளுவண்டியில் இரண்டு சிலிண்டர்கள் நிற்கும், கறுப்பு ஆக்சிஜன், அரக்கு நிற அசிட்டிலின். அசிட்டிலினை முழுசாகத் திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. மணிக்கட்டில் ஒரு அசைவு, அரைத் திருப்பு, அதோடு கையை எடுத்துவிட வேண்டும். தீப்பிடித்தால் அதே ஒரு அசைவில் மூடிவிடலாம். முழுசாகத் திறந்து வைத்திருந்தால் திருகிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அதே சந்தில் இவருடைய சிநேகிதர் ஒருவர் கடை வைத்திருந்தார். அவர் அப்படித் திருகிக்கொண்டே நின்றவர். உடம்பு பாதி வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, செத்துப்போனார். அதற்குப் பிறகு என் கணவர் எந்த சிலிண்டரானாலும் அரைத் திருப்புத்தான். ஆக்சிஜனை முழுசாகத் திறக்க வேண்டும், அதுதான் முறை. அதையும் இவர் அரைத் திருப்புத்தான் திறப்பார். கடையில் கூட வேலை செய்பவர் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். வேறு யாராவது திறந்து வைத்திருந்தாலும் இவர் போய் மூடிவிட்டு, மறுபடி தன் கையால் அரைத் திருப்பு திறந்தால்தான் மனசு ஆறும். நான் அவரைக் கேலி செய்வேன். "குழாயடியில தண்ணி பிடிக்கறதுக்கும் அரைத் திருப்பா?" சிரித்துக்கொள்வார். குழாயையும் அப்படித்தான் திறப்பார்.

குளத்தில் மாஸ்டர் எங்களுக்குக் காற்றுக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தரையில் ஒரு மூச்சுக்கு ஒரு பங்கு காற்று என்றால், இருபது மீட்டர் ஆழத்தில் அதே மூச்சுக்கு சிலிண்டரிலிருந்து மூன்று பங்கு போகும். பயந்துவிட்டால் அது இரட்டிப்பாகும். ஆகவே எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதை நாம் நிம்மதியாக மூச்சு விடும் கணக்கில் போடக் கூடாது. இரண்டு பேர், ஒருவரிடம் காற்றே இல்லை, இரண்டு பேரும் பயந்துபோயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு போட வேண்டும். என்ன ஆயிற்று என்று புரிவதற்கு ஒரு நிமிடம். பிறகு மெதுவாக மேலே. மேற்பரப்புக்கு ஐந்து மீட்டர் கீழே நின்று மூன்று நிமிடம். இத்தனைக்கும் ஒரே சிலிண்டர் தாங்க வேண்டும். நாங்கள் போகப்போகும் ஆழத்துக்கு எங்கள் இருவருக்கும் நான்தான் கணக்குப் போட்டேன், எழுபது வந்தது; நிறைந்த சிலிண்டர் மீட்டரில் இருநூறு காட்டும். யாருடைய மீட்டர் முள் முதலில் அதை நெருங்கினாலும் இரண்டு பேரும் மேலே.

"அந்த எழுபது உங்களோடது இல்ல. கூட வர்றவங்களோடது. நீங்க அதைச் சும்மா சுமந்துட்டுப் போறீங்க" என்றார் மாஸ்டர்.

"கல்யாணத்தப்போ இதெல்லாம் யாரும் சொல்லலியே" என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மேலே வருவதற்கும் விதி உண்டு. மூச்சை அடக்கக் கூடாது. காற்றே இல்லாவிட்டாலும் வாயால் 'ஆ' என்று விட்டுக்கொண்டே வர வேண்டும். நம் வாயிலிருந்து கிளம்பும் மிகச் சின்னக் குமிழி இருக்கிறதே, அதை முந்தக் கூடாது. ஆழத்தில் காற்று ரத்தத்தில் கரைந்துவிடுகிறது. அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டிலை டப்பென்று திறந்தது போல உடம்புக்குள் பொங்கும். பெங்களூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி. எங்கள் ஊர் கடலுக்கு மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் என்று ஞாயிறு மதியம் கடலில் முங்கிவிட்டு மாலையே காட் ரோட்டில் மலை ஏறினால், அதுவும் ஓர் அவசரமான மேலேறுதல்தான். "உங்களுக்கு வீட்டுக்குப் போனாத்தான் மேல வந்ததா கணக்கு" என்பார் மாஸ்டர். நாங்கள் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போட்டோம். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

மேற்குக் கரைக்குப் போனோம். கடல் எங்களை நன்றாகத்தான் நடத்தியது. முதல் நாள் மாஸ்டரே எல்லாருடைய சிலிண்டரையும் திறந்துவிட்டார். இரண்டாம் நாள் படகு நிறைய ஆட்டம். படகுக்காரர் வரிசையாகத் திறந்துகொண்டு போனார். நான் குனிந்து காலுறையை மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் சாமான்களை மற்றவர் சோதித்தோம். அவர் வாய்க்கருவியில் மூச்சு இழுக்க, நான் அவருடைய முள்ளைப் பார்த்தேன். இருநூறில் அசையாமல் நின்றது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து எல்லாம் சரி என்று காட்டினோம்.

கீழே பாறைகளுக்கு நடுவே மஞ்சள் மீன்கள் கூட்டமாக நின்றன. அவர் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். திரும்பும் நேரம் நெருங்கியபோது எதிர்நீரோட்டம் பிடித்தது. காலை உதைத்து உதைத்துப் போக வேண்டியிருந்தது. எவ்வளவு இருக்கிறது என்று சைகையில் கேட்டேன். நின்று பார்த்து, நூற்றுப்பத்து என்று விரல்களால் காட்டினார். எனக்கும் ஏறத்தாழ அதேதான். எழுபதுக்கு மேலே தாராளமாக இருந்தோம்.

அதன்பின் நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. அவர் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாயின. மார்பு ஏறுகிறது, ஆனால் குமிழி வரவில்லை. மீட்டரைத் தூக்கிப் பார்த்தார். நான் என்னுடைய உபரி வாய்க்கருவியை, அந்த மஞ்சள் குழாயை, பிடுங்கி அவர் பக்கம் நீட்டினேன். எங்களுக்கு நடுவே இரண்டு கை தூரம் இருந்திருக்கும். அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பார்த்துவிட்டு மேலே போனார்.

தீப்பிடித்தால் வெளியே ஓடு என்று அந்த உடம்புக்குப் பழக்கம். நான் பாய்ந்து காலைப் பிடித்தேன். துடுப்புக் காலணி மட்டும் கழன்று கையோடு வந்தது. துரத்திக்கொண்டு போனால் இரண்டு பேர் போய்விடுவார்கள் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் சின்னக் குமிழியை முந்தாமல் ஏறினேன். ஐந்து மீட்டரில் நின்றேன். தலைக்கு மேலே அவர் கால்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. என் முதுகில் இரண்டு பேருக்கான காற்று இருந்தது. அதை நான் ஒருத்தியே மூச்சுவிட்டுக்கொண்டு, அந்தக் கால்களைப் பார்த்தபடி, விதிப்படி நின்றேன். அவை அவ்வளவு வேகமாக அசைந்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

படகில் ஏறியபோது அவர் இருமிக்கொண்டே சிரித்தார். "காத்தே வரலடீ. இழுக்கறேன், முள்ளு சர்ருன்னு பூஜ்யத்துக்கு வுழுது. என் கண்ணால பாத்தேன்." மாஸ்டர் அவரைப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றார். மாஸ்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

படகின் பின்பக்கம் படகுக்காரர் சிலிண்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் மூட, திருகித் திருகி அவர் கை சுற்றும். என் கணவரின் சிலிண்டருக்கு வந்தபோது கை ஒரே அசைவில் நின்றுவிட்டது. மூடிக்கொண்டது. அவர் குழப்பமாக மறுபடி திறந்தார், மூடினார். மீட்டரைப் பார்த்தார். அதில் சிலிண்டரில் பாதிக்கும் மேலே காற்று இருந்தது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு அசைவை எத்தனையோ வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படகுக்காரர் திறந்துவிட்டுப் போனதும் என் கணவர் அதை மூடி, தன் கையால் அரைத் திருப்பு திறந்து மனசை ஆற்றிக்கொண்டிருக்கிறார். படகில் சும்மா உட்கார்ந்து இழுக்கும் மூச்சுக்கு அது போதும். ஆழத்தில், சிலிண்டரும் பாதி குறைந்து, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்கும்போது அந்தச் சின்ன சந்து வழியாகக் காற்று போதவில்லை. இழுக்கும்போது முள் விழும், விட்டால் ஏறும். காலியானது போலத்தான் தெரியும். தீ விபத்திலிருந்து தப்பிக்க அவர் கற்று வைத்திருந்த ஒரே பாதுகாப்பு.

மாஸ்டர் அவரிடம் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகக்கூடத் தோன்றவில்லை. உடம்பு சரியானதும் வீட்டில் வைத்து நாலு கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

கரையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், இவரை அழுத்த அறை ஒன்றில் வைத்து மறுபடி அழுத்தம் கொடுத்து மெதுவாக இறக்க வேண்டும் என்றார்கள். கடலோரமாகப் போனால் இருக்கும் ஓர் அறை பழுது என்று போனில் பதில் வந்தது. பெங்களூரில் ஒன்று இருக்கிறது, கொண்டு வாருங்கள் என்றார்கள். அதாவது காட் ரோடு. ஒரு நாள் பொறுத்து ஏற வேண்டிய மலையில் அன்றைக்கே ஏற வேண்டும். நான் கத்தினேன். அங்கிருந்த டாக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. "இங்கே வெச்சுக்கிட்டு என்ன பண்றது மேடம்?" என்றார். ஏற்றினோம்.

ஆம்புலன்ஸில் ஒரு பெரிய ஆக்சிஜன் சிலிண்டரும் பாதி தீர்ந்த இன்னொன்றும் இருந்தன. இவருக்கு வேண்டிய வேகத்தில் கொடுத்தால் ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது. பாதை எட்டு மணி நேரம். இதற்கு மாஸ்டர் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். டிரைவரிடம் சொன்னேன். "ஏனாகல்லா மேடம், சாக்கு, சாக்கு" என்றார் அவர். ஒன்றும் ஆகாதாம், போதுமாம். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட வந்த உதவியாளர் இரண்டாவது சிலிண்டரை மாட்டித் திறந்தபோது, படுத்திருந்த என் கணவர் முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னார். "அண்ணா, ஃபுல்லா தொறக்காதே. அரைத் திருப்பு போதும். சேஃப்டி."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலை ஆரம்பித்திருந்தது. அழுகையைக்கூட அந்த வண்டியின் குலுக்கல் ஒழுங்காக அழ விடவில்லை. கீழே இருந்தபோது, விரலை அசையுங்க என்றால் கட்டை விரல் அசைந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கேட்டேன். "அசைக்கறேனே" என்றார் ஒரு வளைவில். விரல் அசையவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். மலை உச்சிக்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்தது. மேலே ஓர் ஊரில் ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டி இன்னொன்று வாங்கும்வரை அவர் வெறும் மலைக்காற்றைத்தான் மூச்சு விட்டார்.

பெங்களூரில் அந்த இரும்பு அறைக்குள் அவரைப் பலமுறை வைத்தார்கள். "உள்ளாற வெல்டு ஒவ்வொண்ணும் நூல் புடிச்ச மாதிரி போட்டிருக்கான்" என்று வெளியே வந்து சொன்னார். முதலில் டாக்டர்கள், பொறுமையாக இருங்கள் என்றார்கள். அப்புறம் வீட்டு வாசலில் சாய்தளம் போட்டுவிட்டீர்களா என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு பேச்சு எப்போது இன்னொன்றாக மாறியது என்று எனக்குத் தெரியாது. சாய்தளத்துக்கான இரும்பை அவர் கடையிலேயே அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும்தான் நான் எதிர்பாராத ஒன்று தொடங்கியது. அவர் காரணம் தேட ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டரோடு வாழ்ந்த மனுஷன். காற்று நின்றதென்றால் ஏன் நின்றதென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வார். "ஓ ரிங் ரப்பர் போயிருக்கும். லீக் அடிச்சிருந்தா குமிழி வந்திருக்குமே, நீ பாக்கலியா?" மறுநாள், "அடைப்பா இருக்குமோ? உள்ள துரு கட்டி." இன்னொரு நாள் போனை நீட்டினார். "மாஸ்டருக்குப் போடு. அந்த சிலிண்டர் வால்வைக் கழட்டிப் பாக்கச் சொல்லு."

வால்வு என்ற வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டால் அவரே அங்கே வந்து சேர்ந்துவிடுவார். உடம்பு சரியானதும் நாலு கேள்வி கேட்கலாம் என்று நான் வைத்திருந்த விஷயம் இப்போது எங்கள் வீட்டில் யாரும் தொடக் கூடாத ஒன்றாகிவிட்டது. கால் போனதைத் தாங்கிக்கொண்டிருக்கிற மனுஷன், தன் கையாலேயே போனது என்பதையும் தாங்க வேண்டுமா?

"போன் எதுக்குங்க? சிலிண்டர்ல ஒண்ணுமில்ல. என் கணக்குதான் தப்பு" என்றேன். "உங்க மூச்சுக்குக் கம்மியா போட்டுட்டேன். காலி ஆயிடுச்சு."

"நூத்திப்பத்து இருந்திச்சே."

"நீங்க தப்பாப் பாத்திருப்பீங்க."

அவர் போனைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை காபி டம்ளரோடு திட்டு தொடங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. திட்டும்போது குரலில் உயிர் இருந்தது. என்மேல் இருந்த கோபம் அவரைத் தினமும் எழுப்பி உட்கார வைத்தது. அதற்கு நான் கொடுத்த விலை பெரிதில்லை என்றுதான் நினைத்தேன். சில நாள் ஆபீஸுக்குப் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டு, என் கணக்கு சரி, என் கணக்கு சரி என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். அதோடு சரி.

ஆயுத பூஜை வந்தது. கடையில் கூட வேலை செய்பவர் வந்து, முதலாளி கைபடாமல் இரும்பு அறுக்கும் டார்ச்சைப் பற்றவைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். வருடா வருடம் பூஜை முடிந்ததும் முதல் தீயை என் கணவர்தான் ஏற்றுவார். அது கடை வழக்கம். நான் வேண்டாம் என்றேன். என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல், வெயில் என்றேன். "வெயிலுக்கு நான் இன்னா வெல்லமா, கரைஞ்சு போறதுக்கு?" என்றார் அவர். பல மாதத்துக்குப் பிறகு அவர் சட்டை மாற்றி, தலை வாரி, உற்சாகமாக இருந்த நாள் அது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

சிலிண்டர்களுக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். நாற்காலியை அசிட்டிலின் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் கையை நீட்டி வால்வைப் பிடித்தார். மணிக்கட்டில் ஒரு அசைவு. சரியான அரைத் திருப்பு. கையை எடுத்தார்.

எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது.

மறுபடி வால்வைப் பிடித்தார். மூடினார். திறந்தார். மூடினார். கூட இருந்தவர், "இன்னாண்ணே, டைட்டா கீதா?" என்று கேட்டார். இவர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன், அதனால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. முன்னால் வந்து பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை. பிறகு அவர் வால்வைத் திறந்து, டார்ச்சைப் பற்றவைத்து, கூட இருந்தவர் கையில் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பொரியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் பூசணித் துண்டு சக்கரத்தில் மாட்டி நாற்காலி ஒருமுறை நின்றது.

மறுநாள் காலை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது. அவர் காபியை முழுசாகக் குடித்து, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"உன் கணக்கு சரியாத்தான் இருந்திச்சு" என்றார்.

இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அவர் என்னைத் திட்டுவதில்லை. குரலே எழுவதில்லை. வாசல் குழாயை யாராவது லேசாகத் திறந்து வைத்துச் சொட்டு விழுந்தால் மட்டும், மூடச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.